வெல்டு வைத்த பிளேடு மட்டமானதல்ல

விமான எஞ்சினைப் பற்றிப் பேச்சு வந்தால் படித்தவர்களிடமும் ஓர் எண்ணம் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். எஞ்சினுக்குள் ஒரு பாகம் தேய்ந்தாலோ விரிசல் கண்டாலோ அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். அதைப் பற்றவைத்து மறுபடி ஓட்டுவது காசை மிச்சம் பிடிக்க உயிரோடு விளையாடுவது. திருவனந்தபுரத்தில் இதோடு இன்னொன்றும் சேர்ந்து வரும்: அப்படியே செய்தாலும் அதைச் சிங்கப்பூரிலோ ஜெர்மனியிலோ செய்யட்டும், நம் ஊருக்கு ஹேங்கர் வேலையே போதும். சாதாரணப் பயணிகள் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. ஓய்வுபெற்ற பொறியாளர்களும், தொழில் கொள்கையைப் பற்றி நாளிதழ்களில் எழுதுபவர்களும் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு. முதலாவது உலோகத்தைப் பற்றிய தவறு. இரண்டாவது அதிலிருந்து பிறந்தது. அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருப்பது இந்த ஊர்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1985 ஆகஸ்ட் 22. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிரிட்டிஷ் ஏர்டூர்ஸின் போயிங் 737 ஒன்று கோர்ஃபு தீவுக்குக் கிளம்ப ஓடுதளத்தில் வேகமெடுத்தது. இடப்பக்க எஞ்சினின் ஒன்பதாவது எரிகலன் பிய்ந்து, அதன் துண்டு ஒன்று இறக்கைக்கு அடியில் எரிபொருள் தொட்டியின் மூடியை உடைத்தது. கொட்டிய எரிபொருள் தீப்பிடித்தது. 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் புகையில் மூச்சடைத்து. அந்த எரிகலனில் ஏற்கெனவே நீளமான விரிசல் விட்டிருந்தது. 1983-இல் அதைப் பற்றவைத்துத்தான் மறுபடி எஞ்சினில் போட்டிருந்தார்கள்.

இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது. ஆனால் அங்கே நடந்தது என்ன? வெல்டு விரிசலை மூடியது. சுற்றியிருந்த தகடு பல ஆயிரம் முறை சூடாகிக் குளிர்ந்து ஏற்கெனவே களைத்திருந்தது. அந்தக் களைப்பைத் தாங்கும் வலுவை அந்தப் பழுதுநீக்கம் மீட்டுத் தரவில்லை. எவ்வளவு நீள விரிசல் வரை பற்றவைக்கலாம், பற்றவைத்த பின் உலோகம் எந்த நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும், அதை எப்படிச் சோதிப்பது என்ற கேள்விகள் அன்று போதுமான கண்டிப்போடு கேட்கப்படவில்லை. மான்செஸ்டருக்குப் பிறகு உலகம் எரிகலனைப் பற்றவைப்பதை விட்டுவிடவில்லை. அந்தக் கேள்விகளைக் கண்டிப்பாகக் கேட்க ஆரம்பித்தது. இன்றும் எரிகலன்கள் பற்றவைக்கப்பட்டே பறக்கின்றன.

புதிய பாகம் என்றாலே பத்திரம் என்று நம்புகிறவர்கள் இன்னொரு வரிசையையும் பார்க்க வேண்டும். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் நொறுங்கிய யுனைட்டெட் 232 விமானத்தில் 112 பேர் இறந்தார்கள். வால் எஞ்சினின் டைட்டானியம் விசிறித் தட்டு வெடித்ததே காரணம். அந்தத் தட்டில் வெல்டே கிடையாது. உலோகத்தை உருக்கி வார்த்த நாளிலேயே உள்ளே தங்கிப்போன ஒரு கடினமான குறைத்துளி, 17 ஆண்டுகள் மெல்ல மெல்ல விரிசலாக வளர்ந்தது. 2016 அக்டோபரில் சிகாகோவில் ஓடுதளத்திலேயே எரிந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 767-இலும் அதே கதை: டர்பைன் தட்டில் தயாரிப்பின்போதே நேர்ந்த குறை. 2018 ஏப்ரலில் சவுத்வெஸ்ட் 1380 விமானத்தின் விசிறி பிளேடு வேரோடு முறிந்து ஒரு பயணி இறந்தார். அது சி.எஃப்.எம். 56-7பி எஞ்சின், கேரளத்தையும் வளைகுடாவையும் இணைத்து ஆண்டுக்கணக்கில் பறந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 737-800 விமானங்களில் இருப்பதும் அதே வகை. முறிந்த இடம் வெல்டு அல்ல, களைத்துப்போன வேர். கடைசியாக, 2023 ஜூலையில் பிராட் அண்ட் விட்னி வெளியிட்ட செய்தி: தன் புதிய எஞ்சின்களுக்கு உலோகப் பவுடரிலிருந்து தயாரித்த தட்டுகளில் மாசு கலந்திருக்கிறது. அதனால் இண்டிகோவின் விமானங்கள் டஜன் கணக்கில் தரையில் நின்றதை நாமே பார்த்தோம். இவற்றில் எதற்கும் வெல்டு காரணம் அல்ல.

எனவே பாகம் புதியதா, பற்றவைத்ததா என்று கேட்பதில் பயனில்லை. எந்த இடத்தில், எந்த உலோகத்தில், எவ்வளவு வெப்பத்தில் பற்றவைத்தார்கள், பிறகு எதைக்கொண்டு சோதித்தார்கள் என்றே கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது லேசர் ஏன் தனியாக நிற்கிறது என்பது புரியும்.

எஞ்சினின் உயரழுத்தச் சுழலியை எடுத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 14,000 சுற்றுகளுக்கு மேல் சுழல்கிறது. கம்ப்ரசர் பிளேடின் நுனிக்கும் சுற்றியுள்ள உறைக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். நுனி உரசித் தேயத் தேய அந்த இடைவெளி அகலும், அழுத்திய காற்று அதன் வழியாகப் பின்னோக்கிக் கசியும், அதே உந்துவிசைக்குக் கூடுதல் எரிபொருள் எரிக்க வேண்டிவரும், வெளியேறும் வாயுவின் சூடு ஏறிக்கொண்டே போகும். சூடு எல்லைக்கோட்டைத் தொட்டால் எஞ்சினை இறக்கியாக வேண்டும். இறக்கிப் பிரித்தால் பெரும்பாலான பிளேடுகளில் வேரும் உடலும் நன்றாகவே இருக்கும். காணாமல் போயிருப்பது நுனியில் ஒரு சிறு விளிம்பு, அல்லது முன்ஓரத்தில் ஒரு கடி.

நம் பகுதி விமானங்களுக்கு இந்தத் தேய்மானம் மற்ற இடங்களைவிட வேகமாக வருவதற்குக் காரணங்கள் உண்டு. துபாய், ஷார்ஜா, அபுதாபி, மஸ்கட், தோஹா என்று வளைகுடா ஓடுதளங்களில் எஞ்சின் விழுங்கும் நுண்மணல் கம்ப்ரசர் பிளேடுகளின் முன்ஓரத்தை அரித்துச் சப்பையாக்குகிறது. அதே மணல் எரிகலனைத் தாண்டும்போது உருகிக் கண்ணாடிபோல டர்பைன் மேல் படிகிறது. திரும்பி வந்து இறங்கும் இடமோ சங்குமுகம் கடற்கரையை ஒட்டிய ஓடுதளம். கடல் உப்பும் எரிபொருளில் உள்ள கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்ஃபேட்டாகி டர்பைன் பிளேடின் மேற்பூச்சைத் தின்கிறது. விமான நிலையத்தைச் சுற்றிக் கொட்டப்படும் கழிவுக்காக வட்டமிடும் பருந்துகள் வேறு. மணலும் உப்பும் பறவையும் சேர்ந்து சேதம் செய்யும் எஞ்சின்கள் இவை. சேதம் கிட்டத்தட்ட எப்போதும் ஓரத்திலும் நுனியிலும்தான்.

இனி அந்த நுனியை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்க்கலாம். பழைய முறையில் டிக் வெல்டிங். திறமையான கை ஆர்க்கைப் பிடித்து, கம்பியை உருக்கி, பிளேடின் நுனியில் மேடு கட்டும்; பிறகு அரைத்துச் சீராக்குவார்கள். கெட்ட முறை இல்லை. பல ஆயிரம் பிளேடுகள் அப்படிச் சரியாகிப் பறந்திருக்கின்றன. ஆனால் ஆர்க்கின் குளம் அகலமானது. மெல்லிய பிளேடுக்குள் அது நிறைய வெப்பத்தைக் கொட்டும். பிளேடு முறுக்கும். வெல்டுக்குக் கீழே வெப்பத்தால் குணம் மாறிய பட்டை ஒன்று விரியும். விரிசலும் அங்கேதான் தொடங்கும். லேசரில் கற்றை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் அடங்குகிறது. ஆர்கான் வாயுவோடு சேர்ந்து வரும் உலோகப் பவுடர் அந்தப் புள்ளியில் மட்டும் உருகி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு உயரமுள்ள அடுக்காக உறைகிறது. அதன் மேல் அடுத்த அடுக்கு. கீழே இருக்கும் பழைய உலோகம் மிகச் சிறிதளவே உருகிக் கலக்கிறது. வெப்பம் புகும் ஆழமும் அதனால் உண்டாகும் வளைவும் பல மடங்கு குறைகின்றன. பறந்து வந்த பிளேடுகள் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது, ஒவ்வொன்றும் தன் வழியில் லேசாக வளைந்திருக்கும். அதனால் முதலில் ஸ்கேனர் அதன் இன்றைய வடிவத்தை அளக்கிறது. லேசரின் பாதை அந்தப் பிளேடுக்கென்றே வரையப்படுகிறது.

இது நேற்று வந்த சோதனை வித்தையும் அல்ல. 1980-களின் தொடக்கத்திலேயே ரோல்ஸ்-ராய்ஸ் தன் ஆர்பி211 எஞ்சினின் டர்பைன் பிளேடுகளில், ஒன்றோடொன்று உரசும் பூட்டு முகங்களுக்கு லேசரில் பவுடரை உருக்கிக் கடினப் பூச்சு வைத்தது. அதற்குமுன் அதே வேலையை டிக் வெல்டிங்கில் செய்துகொண்டிருந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் இதன் பின்னால் இருக்கிறது. எஞ்சின் தயாரிப்பாளர்களின் சொந்தக் கையேடுகளிலேயே வெல்டு வைத்துச் சரிசெய்யும் முறைகள் பாகம் பாகமாக, எல்லை எல்லையாக எழுதப்பட்டிருக்கின்றன. திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குப் போகும் பயணி, தான் அறியாமலே, பழுதுநீக்கிய பாகங்கள் உள்ள எஞ்சினை நம்பித்தான் கடலைத் தாண்டுகிறார். அவர் பத்திரமாகப் போய்ச் சேர்கிறார்.

நுனி என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுழலும் பிளேடில் ஒவ்வோர் இடமும் தனக்கு மேலே உள்ள உலோகத்தின் இழுப்பைச் சுமக்கிறது. வேர் முழுப் பிளேடையும் சுமக்கிறது. நுனிக்கு மேலே ஒன்றுமே இல்லை. எனவே அதன் மேல் விழும் இழுவிசை மிகச் சொற்பம். வெல்டை நுனியில் வைக்கலாம், வேரில் வைக்கக் கூடாது என்ற விதி இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. யாரும் துணிச்சலால் எழுதியதல்ல. சுழலும் தட்டின் மையத்துளைக்கும், பிளேடு செருகும் பள்ளத்துக்கும் வெல்டு வைக்கலாம் என்று வாதாடுபவர் எவரும் இந்தத் தொழிலில் இல்லை. பயமுறுத்துகிறவர்கள் தட்டு வெடித்த படத்தைக் காட்டி நுனியைப் பற்றவைப்பதைக் கண்டிக்கிறார்கள். இரண்டும் எஞ்சினின் வெவ்வேறு உலகங்கள்.

உலோகத்துக்கும் எல்லை உண்டு. இன்கோனெல் 718 என்ற நிக்கல் கலவையை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஐசல்ஸ்டீன் உருவாக்கியபோது அதன் தனிச்சிறப்பே அது பற்றவைக்க இடம் கொடுத்ததுதான். அலுமினியமும் டைட்டானியமும் அதிகம் சேர்ந்த மற்ற நிக்கல் கலவைகளைப் பற்றவைத்துவிட்டு மறுபடி சூடாக்கினால், உள்ளே அடைபட்ட இறுக்கம் தளர்வதற்குள் உலோகம் கெட்டிப்பட்டுவிடும், விரிசல் விடும். 718-ஐக் கெட்டிப்படுத்துவது முக்கியமாக நியோபியம். அது நிதானமாக வேலை செய்வதால் இறுக்கம் தளர அவகாசம் கிடைக்கிறது. கம்ப்ரசரின் பின்வரிசைகள் பலவற்றில் இந்த 718 இருப்பதால் அங்கே லேசர் நம்பிக்கையோடு நுழைகிறது. முன்வரிசைகளின் டைட்டானியத்துக்கு வேறு கட்டுப்பாடு: சூட்டில் அது ஆக்சிஜனைக் குடித்து நொறுங்கும் தன்மை பெறும், ஆகவே ஆர்கான் அறைக்குள்தான் வேலை. வெல்டு வெள்ளியாகப் பளபளத்தால் ஏற்பு. நீலமோ சாம்பலோ கண்டால் நிராகரிப்பு. டர்பைனின் ஒற்றைப்படிகப் பிளேடுகள் இன்னும் கடினம். அங்கே புதிய அடுக்கும் அடியிலுள்ள படிகத்தின் திசையிலேயே வளர வேண்டும். சுவிட்சர்லாந்தின் லோசானில் குர்ட்ஸும் கோய்மானும் அதற்கான நிபந்தனைகளை 1990-களின் இறுதியில் ஆராய்ந்து வகுத்தார்கள். இருந்தாலும் எல்லாப் பட்டறைக்கும் அது எட்டாது. லேசர் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று நான் சொல்லவில்லை. எதைச் சரிசெய்யலாம், எதைத் தொடக் கூடாது என்ற கோடு தெளிவாக வரையப்பட்டிருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் இருக்கும் வேலையே நம் கண்முன் மலைபோல் கிடக்கிறது.

வருங்காலத்தில் இந்த வேலை பெருகும். புதிய தலைமுறை லீப் எஞ்சினின் கம்ப்ரசர் முன்வரிசைகளில் பிளேடும் தட்டும் ஒரே உலோகத்துண்டாகக் குடையப்பட்டவை. ஒரு பிளேடில் பறவை பட்டு ஓரம் உடைந்தால் அதை மட்டும் கழற்ற வழியில்லை. அரைத்துச் சீராக்கும் எல்லையைக் காயம் தாண்டிவிட்டால், லேசரால் அந்த ஓரத்தைக் கட்டியெழுப்ப வேண்டும், அல்லது முழு வரிசையையும் எறிய வேண்டும். பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள, நிக்கலும் நியோபியமும் டைட்டானியமும் அடர்ந்த உலோகத்தை ஒரு விளிம்புக்காக எறிவதைப் பாதுகாப்பு என்று பெயரிட்டு அழைப்பதை என்னால் ஏற்க முடியாது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2025 ஜூன் 14 இரவு பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம் எரிபொருள் குறைந்து திருவனந்தபுரத்தில் இறங்கியது. கிளம்பும் நேரத்தில் அதன் ஹைட்ராலிக் அமைப்பு பழுதானது. மூன்று வாரத்துக்கு மேல் மழையில் நின்றது. ஜூலை 6-இல் பிரிட்டனிலிருந்து பெரிய போக்குவரத்து விமானத்தில் அவர்களுடைய பொறியாளர்கள் வந்து இறங்கினார்கள். விமானத்தை இழுத்துச் சென்று ஏர் இந்தியா எஞ்சினியரிங் சர்வீசஸின் ஹேங்கருக்குள் வைத்தார்கள். ஜூலை 22-இல் பறந்து போனது. ஊரே அதை வைத்துச் சிரித்தது, மீம் போட்டது. சிரிப்புக்கு நடுவே பலர் எடுத்துக்கொண்ட பாடம் வேறு: பார்த்தீர்களா, உண்மையான வேலைக்கு வெளியிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது.

அது ரகசியப் போர் விமானம். அதை வேறு எவர் கையும் தொட அனுமதி இல்லை. கையில் தொழில் இருக்கிறதா என்ற கேள்விக்கு அது பதிலே அல்ல. ஆனால் பயணிகள் விமானத்திலும் நாம் அதே ஏற்பாட்டுக்குப் பழகிவிட்டோம். கூரையும் தளமும் இங்கே. எஞ்சினைக் கழற்றினால் அது வெளியே போகும். அதற்குள்ளிருந்து கழற்றிய பிளேடு பெட்டிகள் இன்னும் தூரம் போகும். இதில் இயற்கையான காரணம் ஏதும் இல்லை என்பதற்கு அந்த ஹேங்கரைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே போதும்.

ஹேங்கர் இருப்பது சாக்கையில். அதே சாக்கையில் பிரம்மோஸ் ஏரோஸ்பேஸ் திருவனந்தபுரம் இருக்கிறது. 2007 வரை கேரள ஹைடெக் இண்டஸ்ட்ரீஸ், ஊர்ப்பேச்சில் கெல்டெக். இஸ்ரோவுக்காக விகாஸ் ராக்கெட் எஞ்சின் பாகங்களைச் செய்த தளம் அது. சாக்கையிலேயே அரசு ஐ.டி.ஐ. ஊருக்கு வெளியே நெடுமங்காட்டுப் பக்கம் வலியமலையில் இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையம். பாப்பனங்கோட்டில் உலோகங்களை வெட்டி, நுண்ணோக்கியில் பார்த்து ஆராயும் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம். கூர்ந்து பார்க்கும் கண்ணும், பற்றவைக்கும் கையும், வாடிக்கையாளரின் விமானமும் ஒரே நகரத்துக்குள் இருக்கின்றன. இந்தியாவில் எத்தனை ஊர்களுக்கு இது வாய்த்திருக்கிறது?

வலியமலையில் வடிவமைத்து, திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் எரித்துச் சோதிக்கும் எஞ்சின்கள் பற்றவைத்த உலோகம்தான். மனிதர்களை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக விகாஸ் எஞ்சினை 2021 ஜூலையில் 240 விநாடிகள் அங்கே எரித்தார்கள். வெல்டு என்றாலே நம்பத் தகாதது என்று சொல்பவர், அந்த எஞ்சினின் மேல் மனிதர் உட்காரப் போவதைப் பற்றி என்ன சொல்வார்?

2024 மே 9-இல் நடந்த சோதனை எனக்கு அதைவிட முக்கியம். பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சினை லேசரால் உலோகப் பவுடரை அடுக்கடுக்காக உருக்கிக் கட்டி, மகேந்திரகிரியில் 665 விநாடிகள் எரித்தார்கள். முன்பு 14 பாகங்களாக இருந்தது ஒரே துண்டானது. 565 கிலோ உலோகம் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ பவுடர் போதுமானது. 19 வெல்டு இணைப்புகள் ஒழிந்தன. உடனே எதிர்த்தரப்பு குதிக்கும்: பாருங்கள், இஸ்ரோவே வெல்டைத்தானே ஒழித்தது! அந்த எஞ்சின் எப்படி உருவாகிறது என்று யோசித்தால் அந்த வாதம் நிற்காது. லேசர் புள்ளியில் பவுடர் உருகி, அடியிலிருக்கும் உலோகத்தோடு ஒன்றி உறைகிறது. அதன் மேல் அடுத்த அடுக்கு. பிளேடு நுனியைக் கட்டும்போதும் நடப்பது இதே செயல்தான். 19 இணைப்புகளை ஒழித்த எஞ்சின், தலை முதல் கால் வரை லட்சக்கணக்கான நுண்ணிய லேசர் வெல்டுகளால் ஆனது. ஒரு முழு எஞ்சினை அப்படிக் கட்டி நம்பலாம், தேய்ந்த பிளேடின் விளிம்பை அப்படிக் கட்டக் கூடாது என்பதற்கு உலோகவியலில் காரணம் கிடையாது. வேறுபாடு ஒன்று உண்டு, ஒப்புக்கொள்கிறேன்: ராக்கெட் எஞ்சின் ஒரு முறை சில நிமிடங்கள் எரிந்து முடிந்துவிடும், விமானப் பிளேடு ஆயிரக்கணக்கான முறை சூடேறிக் குளிர வேண்டும். ஆகவே விமானப் பிளேடுக்குக் களைப்புச் சோதனை கூடுதலாக வேண்டும். அதற்கான சோதனை முறைகள் உலகறிந்தவை. அவற்றைச் செய்வதற்கு முடிவெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிங்கப்பூர் அந்த முடிவை எடுத்தது. லோயாங்கில் உள்ள ஜி.இ. பட்டறை, வணிக ஜெட் எஞ்சின் பாகங்களை உலோக முப்பரிமாண அச்சு முறையில் பழுதுநீக்க ஒப்புதல் பெற்ற உலகின் முதல் பட்டறை என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. எடுத்துக்கொண்டது சி.எஃப்.6 எஞ்சினின் கம்ப்ரசர் பிளேடுகளை. அதுவரை ஒவ்வொரு நுனியையும் வெட்டி, பற்றவைத்து, கையால் அரைக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூர் மண்ணில் நிக்கல் விளையவில்லை. ராக்கெட் எஞ்சின் வடிவமைக்கும் மையமும் இல்லை. அங்கே இருந்தது பாகப் பழுதுநீக்கம் தனித் தொழில் என்ற தெளிவு.

நம் கொள்கை வகுப்பவர்களிடம் அந்தத் தெளிவு இல்லை. விமானப் பராமரிப்புக்கான ஜி.எஸ்.டி.யை 2020-இல் 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். 2024 ஜூலையில் உதிரிபாக இறக்குமதிக்கும் ஒரே சீராக 5 ஆக்கினார்கள். நல்லதே. ஆனால் வரி குறைந்ததும் பேச்சு முழுவதும் இன்னொரு ஹேங்கர், இன்னும் சில ஏக்கர் என்றே போகிறது. ஹைதராபாத்தில் சாஃப்ரான் லீப் எஞ்சின்களுக்கென்று பெரிய பட்டறை அமைத்திருப்பது மகிழ்ச்சிதான். எஞ்சினைப் பிரித்துக் கோக்கும் பட்டறை நாட்டுக்குள் வரும்போது, கழற்றிய பாகத்தைச் சரிசெய்யும் தொழிலும் அருகில் இருந்தால்தான் பணமும் அறிவும் இங்கே தங்கும். எஞ்சின் பராமரிப்புச் செலவில் பெரும்பங்கை விழுங்குவது புதிய பாகங்களின் விலை. அதைக் குறைக்கும் முக்கிய வழி பாகத்தைக் காப்பாற்றுவது.

இந்தப் பயம் யாருக்கு லாபம் என்றும் கேட்டாக வேண்டும். புதிய பிளேடு விற்பவரே எஞ்சினைச் செய்தவரும். வெளிப் பட்டறையின் பழுதுநீக்கத்தைப் பயன்படுத்தினால் உத்தரவாதம் போய்விடும் என்ற மிரட்டல் தொழிலில் நீண்ட நாளாக இருந்த ஒன்று. உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா, எஞ்சின் தயாரிப்பாளரான சி.எஃப்.எம். மேல் ஐரோப்பிய ஆணையத்தில் 2016-இல் முறையிட்டது. 2018 ஜூலையில் உடன்பாடு ஏற்பட்டது. பிறர் செய்த பாகங்களும் பிறர் செய்த பழுதுநீக்கமும் எஞ்சினில் இருந்தாலும், தன் பாகங்களுக்கான உத்தரவாதத்தைக் காப்பதாக சி.எஃப்.எம். ஒப்புக்கொண்டது. பழுதுநீக்கிய பாகம் இயல்பிலேயே ஆபத்தானது என்றால் அந்த நிறுவனம் அப்படிக் கையெழுத்திட்டிருக்குமா? அங்கே தீர்ந்தது வணிக வழக்கு. நாம் அதை இன்னும் இயற்பியல் விதிபோல நம்பிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்த்தரப்பில் நான் மதிக்கும் வாதம் ஒன்று உண்டு. தொழில்நுட்பம் சரி, ஒழுங்கு எங்கே? ஒரு சோம்பலான மதியத்தில் ஆர்கான் அளவு குறைந்ததை ஒருவர் கவனிக்காமல் விட்டால்? இந்தக் கவலை நியாயமானது. இந்த வேலைக்கு அச்சாணியே அதுதான். அதனால்தான் விமான வெல்டருக்கு ஏ.டபிள்யூ.எஸ். டி17.1 என்ற தனித் தகுதித் தேர்வு, பட்டறையின் வெல்டிங்குக்கும் சோதனைக்கும் நாட்கேப் அங்கீகாரம், இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் சிஏஆர்-145 ஒப்புதல், பழுதுநீக்கும் முறைக்கே சிஏஆர்-21-இன் கீழ்த் தனி ஒப்புதல். பிளேடு ஒளிரும் சாயத்தில் நனைந்து புற ஊதா விளக்கின் கீழ் வரும், எக்ஸ்ரேக்குப் போகும், வெப்பச் சிகிச்சை பெறும், எடை பார்க்கப்படும். எந்தப் பவுடர்த் தொகுதி, எந்த லேசர் திறன், அறையில் எவ்வளவு ஆக்சிஜன், யார் கை என்பதெல்லாம் பதிவாகி, கடைசியில் ஒருவர் தன் உரிம எண்ணோடு சிஏ படிவம் 1-இல் கையெழுத்திடுவார். இதே ஒழுங்கைத்தான் வலியமலை பல பத்தாண்டுகளாகக் கடைப்பிடிக்கிறது. மலையாளியும் தமிழனும் ஒழுங்குக்கு ஆகமாட்டார்கள் என்று சொல்பவர், வளைகுடாவின் எண்ணெய்க் குழாய்களில் 6ஜி என்ற வெல்டிங் தேர்வு கொடுத்து, ஒவ்வொரு வெல்டையும் எக்ஸ்ரேக்குக் காட்டித் தேறி நிற்கும் நம் பையன்களின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லட்டும்.

எங்கே தொடங்குவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. சுழலாத பாகங்களில் தொடங்க வேண்டும்: உறைகள், காற்றைத் திருப்பும் நிலையான பிளேடுகள், சீல் வளையங்கள். அவற்றில் ஓரிரு ஆண்டுகள் பதிவு சேர்ந்த பின் 718 கம்ப்ரசர் பிளேடு நுனிகள். எஞ்சின் சி.எஃப்.எம். 56-7பி ஆகவே இருக்கட்டும். உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இன்னும் பறக்கிறது, வெட்டிச் சோதிக்கப் பழைய பாகங்களும் தாராளமாகக் கிடைக்கும். சோதனைத் துண்டுகளைப் பாப்பனங்கோட்டில் வெட்டிப் பார்க்கலாம். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்புக்கு மேல் ஓராண்டு விமான வெல்டிங் பிரிவு திறக்கலாம். ஆர்கான் அறையும் ஒரு லேசர் நிலையமும் அதன் செலவு. அடுத்த ஹேங்கருக்கென்று மாநில அரசு எடுத்துவைக்கும் தொகையில் சிறு பங்கு இதற்குத் திரும்பினால் போதும்.

கேரளத்து விமானங்களை மட்டும் நம்பி இப்படி ஒரு பட்டறை நடக்குமா என்று கேட்பார்கள். பிளேடுகள் பெட்டியில் அடங்கிச் சரக்கில் போகும் பொருள்; விமானம் இங்கே வந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை. கொச்சி, கோழிக்கோடு, கண்ணூர், திருச்சி, சென்னை என்று வளைகுடா மணலைத் தின்று திரும்பும் எஞ்சின்கள் பறக்கும் ஊர்கள் எல்லாம் சாக்கையிலிருந்து ஒரே இரவில் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இன்று அந்தப் பெட்டிகள் வங்காள விரிகுடாவைத் தாண்டிப் போய், வாரக்கணக்கில் காத்திருந்து, டாலரில் கணக்கு முடித்துத் திரும்பி வருகின்றன.